ஐந்தாவது போத்தல்

ஹாரன் நிற்கவே இல்லை.

பாம்ம்ம்... என்று ஒரே மூச்சாய், மலை முழுக்கக் கேட்கிற மாதிரி அலறிக்கொண்டே இருந்தது.

நாசி லெமாக் சோற்றை வாழையிலையில் மடித்துக்கொண்டிருந்த பாஞ்சாலை கையை நிறுத்தினாள். 1979-ம் வருஷத்து ஒரு புதன்கிழமை. காலை மணி எட்டு ஐந்து. பனி இன்னும் தேயிலைச் செடிகளை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளுடைய தகரக் கடைக்குக் கீழே, மூன்றாவது வளைவில், தோட்டத்துக் கொழுந்து லோரி செடிகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

யாரோ ஹாரனை விளையாட்டாக அழுத்துகிறார்கள் என்று திட்டிக்கொண்டே இறங்கி ஓடினாள்.

அழுத்திக்கொண்டிருந்தது டிரைவர் ராமையாதான்.

கையால் அல்ல... நெற்றியால்!

"ராமையா! டேய் தம்பி!"

தோளைப் பிடித்து இழுத்தாள். ஹாரன் நின்றது. ராமையா அவள் மேலேயே சாய்ந்தான். வாயோரம் நுரை. உடம்பெல்லாம் வியர்வை. மூச்சு... இல்லை!

அவன் காலடியில் ஒரு போத்தல் உருண்டு கிடந்தது.

அவளுடைய போத்தல்.

பாஞ்சாலை வீறிட்டாள்.

அந்தப் போத்தலின் சமாச்சாரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நேரம் இருக்காது.

டிரைவர்கள் அதற்கு வைத்த பெயர் 'கறுப்பு'. தேயிலை ஃபேக்டரியில் கூட்டித் தள்ளுகிற குப்பைத் தூளைக் கொதிக்கக் காய்ச்சி, கருக்கின சீனியும் இஞ்சியும் போட்டு, இறுக்கி மூடி வைத்தால் கடைக் கோலா மாதிரியே நுரைக்கும். ஆனால் கடைக் கோலா இதன் பக்கத்தில் பச்சைக் குழந்தை! ஒரு போத்தல் உள்ளே போனால் மலையடிவாரத் தாப்பா வரைக்கும் கண் மூடாது. காய்கறி லோரிக்காரர்கள் இதற்காகவே சுற்றிக்கொண்டு வந்து வாங்குவார்கள். பாஞ்சாலையும் தினம் எட்டு மணிக்கு ஒன்று குடிப்பாள். கோழி கூவும் முன்னே எழுந்து அடுப்பு மூட்டுகிறவளுக்கு வேறு எதில் தெம்பு வரும்?

ஒரே ஒரு சிக்கல். குப்பைத் தூளும் தோட்டத்துச் சொத்து. அள்ளினால் திருட்டு.

போன வாரம்தான் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிற கிராணி மணியம் தொழிலாளர் லயம் ஒவ்வொன்றாக வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"தூள அள்ளறது யாருன்னு எனக்குத் தெரியும்! இனிமே மருந்து கலந்துதான் கொட்டுவோம். எவனாவது குடிச்சிட்டு செத்தா என்னைக் கேக்காதீங்க லா!"

பாஞ்சாலை அப்போது சிரித்தாள். கிராணி பூச்சாண்டி காட்டுகிறார் என்று நினைத்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

தோட்டத்து டிரெசர் கார்த்திகேசு மூச்சு வாங்க ஓடி வந்தார். டாக்டர் இல்லாத மலையில் முப்பது வருஷமாக டாக்டர் வேலையும் பார்க்கிறவர். ராமையாவின் இமையை விலக்கிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"முடிஞ்சு போச்சு."

"நெஞ்சு வலியா சார்?" கொழுந்துக் கூடையோடு நின்ற இராசம்மா கேட்டாள்.

"நெஞ்சு வலி இல்ல. கண்ணுமணியப் பாரு... ஊசி முனையாட்டம் சுருங்கிக் கெடக்கு. இது பூச்சி மருந்து! கோஸ் தோட்டத்துல அடிக்கறாங்களே, அந்த ஜாதி."

"மருந்தா!"

"போத்தல யாரும் தொடாதீங்க. போலீசுக்குப் போன் போயாச்சு."

மருந்து!

அப்படியானால் கிராணி சொன்னதைச் செய்துவிட்டார்!

பாஞ்சாலை விரல் விட்டு எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை அள்ளி வந்த தூள். புதுச் சட்டி. நேற்று சாயங்காலம் அதிலிருந்து நிரப்பியது மொத்தம் ஐந்தே போத்தல். ஒன்றை ராமையா குடித்துவிட்டான்.

மீதி நாலு?



மீதி நாலும் அவள் புருஷன் செல்லையாவின் லோரியில்!

ஆறு மணிக்கு அவள்தான் தன் கையாலேயே சாக்குப் பையில் போட்டுக் கொடுத்தாள். கியா பார்மில் கோஸ் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போகிறான். ரிங்லெட் தாண்டினால் பெரிய இறக்கம். அங்கே வைத்துத்தான் எப்போதும் குடிப்பான். பதினாலு வருஷப் பழக்கம்.

இந்நேரம் எங்கே இருப்பான்? பிரிஞ்சாங்கா? தானா ராத்தாவா?

"என்ன பாஞ்சாலை, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றார் டிரெசர்.

"ஒண்ணுமில்ல சார்..."

சொன்னால் ஜெயில். ஆளையே கொன்றுவிட்டாள் என்று தூக்குக்கூட உண்டு. சொல்லாவிட்டால் புருஷன் பிணமாக வருவான். வாயைத் திறந்தாள். மூடினாள்.

போலீஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் கனகராஜ் இறங்கினார். கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாசம். குளிருக்கு இன்னும் பழகாத மனுஷர். ஆனால் கண் மட்டும் சூடாகவே இருந்தது.

பிணத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் போத்தலைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"இது யாரோட போத்தல்?"

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லேபிள் இல்ல, கம்பெனி பேரு இல்ல. பாத்தா கோலா மாதிரி இருக்கு, கோலா இல்ல. யாரு தயார் பண்றது?"

கொழுந்துக்காரிகள் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்திகூடக் காட்டிக் கொடுக்கவில்லை. பாஞ்சாலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மணி என்ன சார்?" என்றாள் டிரெசரிடம், குரல் வெளியே வராமல்.

"எட்டு முப்பத்தஞ்சு. எதுக்கு?"

எட்டு முப்பத்தைந்து... ரிங்லெட்!

"ஐயா!" ஜீப்பின் மேலேயே போய் விழுந்தாள். "என்னோடதுதான்! நான்தான் காய்ச்சினேன்! என்னை அடிங்க, உள்ள தள்ளுங்க, என்ன வேணா பண்ணுங்க... மொதல்ல எங்க வீட்டுக்காரரு லோரிய நிறுத்துங்கய்யா!"

"அம்மா, நிதானமா சொல்லுங்க."

"நிதானத்துக்கு நேரமில்லைங்கய்யா! மொத்தம் அஞ்சு போத்தல். நாலு அவருகிட்ட இருக்கு. ரிங்லெட்ல ஒடச்சுக் குடிப்பாரு. தூள்ல மருந்து... கிராணி அப்பவே சொன்னாரு... நான்தான் கேக்கல!"

"ராமையாவுக்குக் குடுத்தது?"

"பழைய சட்டியில உள்ளதெல்லாம் ஏழு மணிக்கே வித்துப் போச்சுங்க. தம்பி கண்ணு செவந்து வந்து நின்னுச்சு. புள்ளைக்குக் காய்ச்சலாம், ராவெல்லாம் தூங்கலையாம். 'அக்கா, கண்ணு சொக்குது, எதாவது குடுக்கா'ன்னுச்சு. நான் குடிக்க ராத்திரியே தனியா எடுத்து வச்சது ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதத் தூக்கிக் குடுத்துட்டேன்யா... படுபாவி நான்!"

கனகராஜ் அதற்குள் வயர்லஸ்ஸைக் கையில் எடுத்துவிட்டார்.

"ரிங்லெட்! ரிங்லெட்!"

கர்ர்ர்ர்...

"ரிங்லெட்! யாரு இருக்கறது?"

கர்ர்ர்ர்ர்...

"மலை மறைக்குது சார்," என்றார் ஜீப் டிரைவர்.

"அப்ப வண்டிய மேட்டுக்கு ஏத்து!"

ஜீப் உறுமிக்கொண்டு கடை வாசல்வரை ஏறியது. பாஞ்சாலை கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்று போனது.

"...கான்ஸ்டபிள் சிங்காரம், ரிங்லெட்! சொல்லுங்க சார்!"

"சிங்காரம்! நீல லோரி, கோஸ் லோடு, டிரைவர் பேரு செல்லையா. உடனே மடக்கு! சாக்குப் பையில நாலு போத்தல் இருக்கும். குடிக்க விடாதே. அந்தப் போத்தலக் குடிச்சு இங்க ஒரு ஆள் போயாச்சு. வெளங்குதா?"

"வெளங்குது சார்!"

அப்புறம் வெறும் கர்ர்ர்.

அந்த ஐந்து நிமிஷத்தைப் பாஞ்சாலை சாகும்வரை மறக்க மாட்டாள். ஆத்தா, மாரியாத்தா என்று முனகினாள். செல்லையா நல்ல புருஷன் என்று ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஆறு மாசமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஆனால் இன்றைக்குக் கிளம்பும்போது, அதிசயமாக, வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். "எட்டு மணிக்கு மறக்காம குடிச்சுக்க பாஞ்சாலை, ஒடம்பு கெட்டுப் போவும்" என்றான். அப்படிச் சொன்ன மனுஷனுக்கா விஷம் கட்டிக் கொடுத்தோம்!

"சார்! சிங்காரம்! லோரிய மடக்கிட்டேன்!"

"ஆளு?"

"உயிரோட இருக்காரு சார்!"

பாஞ்சாலை அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஆனா ஒரு போத்தல் காலி சார்!"

அலறிக்கொண்டு எழுந்தாள்.

"எப்ப குடிச்சாராம்?" கனகராஜ் கத்தினார்.

"கியா பார்ம்ல லோடு ஏத்தும்போதே, ஏழு மணிக்காம். ஆளு திடமாத்தான் இருந்தாரு சார். நீங்க சொன்னத நான் சொன்னேன் பாருங்க... அப்பப் புடிச்ச அழுகை! 'ஐயோ பாஞ்சாலை, என்னை விட்டுட்டுப் போயிட்டியே'ன்னு ரோட்டுல விழுந்து பொரளறாரு. டவுனே கூடிருச்சு!"

"ஐயோ..." பாஞ்சாலை துடித்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுங்கய்யா! பாவம், அவரு நெஞ்சு வெடிச்சிரும்!"

கனகராஜின் விரல் பட்டன்மேல் அப்படியே நின்றது.

"சொல்லுங்கய்யா!"

"கொஞ்சம் இருங்கம்மா." குரல் மாறியிருந்தது. "சிங்காரம்... செத்தது யாருன்னு அவருகிட்ட சொன்னியா?"

"இல்ல சார். நீங்களே எனக்குச் சொல்லலையே?"

"ஆம்பளையா, பொம்பளையான்னு?"

"அதுவும் சொல்லல சார். போத்தல் குடிச்சு ஒரு ஆள் போயாச்சுன்னேன், அவ்வளவுதான்."

கடை அடுப்பில் நாசி லெமாக்குக்கான மிளகாய்ச் சம்பல் பொங்கி வழிந்தது. யாரும் இறக்கி வைக்கவில்லை.

கூட்டத்தின் பின்னால் ஒளிந்து நின்ற கிராணி மணியத்தை இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

"கிராணி! தூள்ல என்ன மருந்து கலந்தீங்க?"

"சு... சுண்ணாம்பு சார்! சத்தியமா வெறும் சுண்ணாம்புதான். மருந்துன்னது சும்மா மிரட்டறதுக்கு சார்!"

"நீங்க மிரட்டினது ஒருத்தருக்கு ரொம்ப வசதியாப் போச்சு." கனகராஜ் பாஞ்சாலை பக்கம் திரும்பினார். "அம்மா, ஏழு மணிக்கு ஒரு போத்தல் குடிச்ச உங்க வீட்டுக்காரரு ரோட்டுல பொரண்டு அழற அளவுக்குத் தெம்பா இருக்காரு. அப்ப சட்டியில விஷம் இல்ல. அஞ்சாவது போத்தல்ல மட்டும்தான் இருந்திருக்கு. அது யாரு குடிக்க வேண்டியது?"

பாஞ்சாலை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"நான்..."

"அது வீட்டுல யாருக்குத் தெரியும்?"

அவளைத் தவிர தெரிந்தவன் ஒருத்தன்தான். இத்தனை நேரம் அவனுக்காகப் பயந்த பயம் எல்லாம் வடிந்துபோய், வேறு ஒரு பயம் காலிலிருந்து குளிர்ந்துகொண்டு ஏறியது. பதினாலு வருஷம் ஒரே பாயில் படுத்தவன்!

"எனக்கு வந்த சாவ ராமையா வாங்கிக்கிட்டுப் போயிட்டானே..." என்று மட்டும் சொன்னாள். கண்ணீர் கொட்டியது.

"சார்..." வயர்லஸ் மறுபடி கரகரத்தது. "இன்னொரு விசயம். பக்கத்து சீட்டுல ஒரு பொம்பள உக்காந்திருக்கு, இரும்புப் பெட்டியோட. பேரு பத்மாவாம். அது அழல சார். 'இனிமே கடை நம்மளோடதுதானே'ன்னு அவரு காதுல கேக்குது!"

பாஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கையை நீட்டினாள்.

"அதக் குடுங்கய்யா."

கனகராஜ் ஒரு கணம் யோசித்தார். பிறகு மைக்கைக் கொடுத்தார்.

"சிங்காரம், சத்தத்தக் கூட்டி அவரு காதுகிட்ட வை."

"வச்சிட்டேன் சார்!"

அவள் பட்டனை அழுத்தினாள். குரல் நடுங்கவில்லை.

"ஏங்க... எட்டு மணிக்கு மறக்காம குடிச்சுக்கன்னு சொன்னீங்களே. மறந்துட்டேங்க!"



அந்தப் பக்கம் ஓர் அலறல்! தொப்பென்று எதுவோ விழுந்தது.

"சார்! சார்! 'பேய்... பேய்'னு கத்திக்கிட்டே மயக்கம் போட்டு விழுந்துட்டாரு! தண்ணி தெளிச்சும் எந்திரிக்கல. என்ன பண்றது சார்?"

கனகராஜ் மைக்குக்குக் கை நீட்டினார். பாஞ்சாலை கொடுக்கவில்லை.

"தம்பி, மூணு போத்தல் மிச்சம் இருக்குல்ல? ஒண்ண ஒடச்சு வாயில ஊத்துங்க, துள்ளிக்கிட்டு எந்திரிப்பாரு. பயப்படாம ஊத்துங்க... அதுல நான் ஒண்ணும் கலக்கல!"