தர்பூசணி என்று சொன்னவள்

"கப்பல், பூட்டு, எலுமிச்சை, பாலம், குதிரை, ஊசி..."

ஏழாவது சொல் வரவில்லை. ஷம் யிக்-ஹாங் கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் பன்னிரண்டு சொற்களைப் படித்துக்காட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடிக்கு வெளியே குவாங்சௌ நகரத்து மழை சளைக்காமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"தர்பூசணி" என்றது ஒரு குரல்.

சரியாக மூடாத கதவுக்கு வெளியே ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. விரல்களுக்கு மேலே தெரிந்தவை கண்கள் மட்டும்தான்... பெரிய, மிரண்ட கண்கள். அவற்றில் வருத்தத்தை மட்டும் காணோம்.

டாக்டர் டாம் பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேர் தேர்வும் கெட்டுச்சு. உங்களுக்கும் இதே பட்டியல்தான் வச்சிருந்தேன், லாய் மான்-கி. அடுத்த வியாழக்கிழமை வாங்க, ரெண்டு பேரும்."

வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவன் கேட்டான்.

"நான் கேட்டேனா உங்ககிட்ட?"

"வாய் கேக்கலை. மூஞ்சி கேட்டுச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததே அவனுக்கு வியப்பு.

யிக்-ஹாங்குக்கு முப்பத்தேழு வயது. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே வந்த புற்று. அந்த ஊரில் தெருவுக்கு ஒருவருக்காவது அது வரும். முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். புற்று போனது. அதோடு எச்சிலும் போனது. வெந்நீர்க் குடுவை இல்லாமல் அவனால் நாலு வாக்கியம் பேச முடியாது. லிஃப்ட் பழுது பார்த்தவன் இப்போது அதே கம்பெனியில் அவசர அழைப்பு எடுக்கிறான். கதிர்வீச்சுக்குப் பிறகு மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்க்கும் ஆய்வுக்காகத்தான் டாக்டர் டாமிடம் வந்திருந்தான். சிகிச்சைக்கு முன் ஒரு மூளை ஸ்கேன் படம், பின் ஒரு படம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆட்களும் வேண்டும். மான்-கி அப்படி வந்தவள். பொத்தான் மொத்தக்கடை வைத்திருந்தாள். அவள் அப்பாவும் அதே நோயில்தான் போனார்.

மழை விடவில்லை. எதிரே மீன் கஞ்சிக் கடை. அவன் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு வெந்நீர் குடித்தான். அவள் அதைப் பார்க்காதது போல மெதுவாகச் சாப்பிட்டாள். பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது... ஏனோ கூச்சமாக இல்லை.

அடுத்த வியாழனுக்குப் பிறகு ஞாயிறுகளிலும் சந்தித்தார்கள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவரும் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் டாம் முடிவைச் சொன்னபோது மான்-கியும் கூட இருந்தாள்.

"மூளையில நினைவுக்கான பகுதிக்கும் முன்பக்கத்துக்கும் நடுவுல தொடர்பு குறைஞ்சிருக்கு."

"திரும்ப வருமா?"

"சிலருக்கு வருது. சிலருக்கு இல்ல. உங்களுக்கு எப்படின்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் மான்-கி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "இருக்கட்டும். உனக்கும் சேர்த்து நான் ஞாபகம் வச்சுக்கிறேன்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அவனுக்கோ சுருக்கென்று தைத்தது.

"எனக்குக் காவலுக்கு ஆள் வேண்டாம், மான்-கி. உன் படம் முழுசா இருக்கு. அப்படி இருக்கிற ஒருத்தனைப் பாரு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கண்கள் மட்டும் ஒரு கணம் அவனிடமே நின்றன. பிறகு குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

மூன்று வாரம் ஓடியது. அவள் அனுப்பிய செய்திகளை அவன் படித்தான், பதில் எழுதவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவசர லைன் அடித்தது. மேசையில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து அவன் வழக்கமான கேள்விகளைத் தொடங்கினான்.

"வணக்கம். அழைப்பு பதிவாகும். எந்தக் கட்டடம்? எத்தனை பேர் மாட்டியிருக்கீங்க?"

"பொத்தான் சந்தை, மூணாவது கட்டடம். ஒரே ஆள். மூணு வாரமா."

அவன் எழுதுவதை நிறுத்தினான்.

"மான்-கி... இது அவசர லைன்."

"பக்கத்துல இன்னும் ரெண்டு லைன் இருக்குன்னு நீதானே சொன்னே? பதில் சொல்லு, வச்சுடறேன். அன்னைக்கு எதுக்குடா அவ்வளவு கோபம்?"

அவன் ஒரு மடக்கு நீர் குடித்தான். எதிர்மேசைக்காரர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிகிச்சை முடிஞ்சு வேலைக்கு வந்த மாசம்... பதினாலாவது மாடியில லிஃப்ட் கதவைத் திறந்து வச்சுட்டு இறங்கி வந்துட்டேன். மறந்துட்டேன். உள்ளே பெட்டி இல்ல, பள்ளம். யாரும் விழலை. கழுத்து வலின்னு பொய் சொல்லி இந்த நாற்காலிக்கு வந்தேன். அதே மாதிரி உன்னையும் எங்கேயாவது விட்டுடுவேனோன்னு பயம்."



"பதிவாகுதுன்னு சொன்னியே," என்றாள் மெதுவாக. "உங்க கம்பெனிக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டும். எப்பவோ சொல்லியிருக்கணும்." அவன் குரல் வறண்டு தேய்ந்தது, குடுவையைத் தேடவில்லை. "இதுவும் பதிவாகட்டும். எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் என்னைக்காவது மறந்துட்டா, இந்தப் பதிவை வாங்கிப் போட்டுக் காட்டு."

எதிர்மேசைக்காரர் இப்போது நேராகவே பார்த்தார்.

"புகார் எண் என்ன?" என்றாள் மான்-கி.

"எதுக்கு?"

"கேட்டு வாங்கணும்னா எண் வேணும்ல... சொல்லு, எழுதிக்கிறேன்."

திரையில் இருந்த ஏழு இலக்கங்களை அவன் ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினான். அவளும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். ஐந்தாவதில் அவள் குரல் உடைந்தது. மீதி இரண்டையும் அவன் காத்திருந்து சொன்னான்.