குறியெண் இல்லாத வலி

பல் துலக்கியதும் துணையின் வலிமானியைப் பார்ப்பது செவ்வாய்க் கிரக நகரத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். தணிகாசலம் மனைவியின் கூந்தலை விலக்கி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தார். பத்துக்கு ஏழு. மாதக்கணக்கில் அதே ஏழுதான்.

சுலோச்சனாவுக்குத் தலையின் வலப்பக்கம் மட்டும் ஓயாமல் வலித்தது. அந்தப் பக்கத்துக் கண்ணில் மட்டும் நீர் வடிந்தது. அவள் நகரத்துக் காற்று வெளியேறாமல் மூடியிருக்கும் கூரையில் கசிவு அடைப்பவள். தலைக்கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க வழியில்லை. ‘காரணமற்ற வலி’ என்று பதிவாகிவிட்டால் அடுத்த கப்பலில் அவளைப் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை ஒப்பந்தப்படி தணிகாசலம் இங்கேயே இருந்தாக வேண்டும். இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அங்கே மனிதர் யாரும் இல்லை. ‘நோயறி’ என்னும் இயந்திரம் அவள் தலையை மெல்லத் தடவிப் பார்த்தது.

“ஓயாத ஒருபக்கத் தலைவலி மாதிரி தெரியுதும்மா. ரொம்ப அபூர்வம். ஒரு மாத்திரை இருக்கு. அதுக்கு வலி அடங்கினாத்தான் இந்த நோய்னு உறுதியாகும்.”

“அப்போ அதைக் குடுங்களேன்.”

“நோயோட குறியெண் போட்டாத்தான் மருந்துப் பெட்டி திறக்கும். நோய் உறுதியானாத்தான் குறியெண்.”

தணிகாசலம் விழித்தார். “மாத்திரை சாப்பிட்டாத்தான் மாத்திரை கிடைக்குமா?”

“சரியாச் சொன்னீங்க ஐயா.” நோயறி சுலோச்சனா பக்கம் திரும்பியது. “முழங்கால் வலிக்குதாம்மா?”

“இல்லையே. தலைதான்.”

“நல்லா யோசிங்க. மூட்டு வலிக்கும் இதே மாத்திரைதான். அதுக்குக் குறியெண் உடனே கிடைக்கும்.”

“என் தலைக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?” அவளுக்கு அழுகையே வந்தது.

தணிகாசலத்துக்குப் புரிந்துவிட்டது. “வலிக்குதுன்னு சொல்லேன்” என்று காதில் கிசுகிசுத்தார்.

“வலிக்குது.”

“எந்தக் கால்?”

அவள் கணவரைப் பார்த்தாள். “வலது... காலா?”

பெட்டி திறந்து மாத்திரை விழுந்தது. மதியத்துக்குள் வலிமானி பூஜ்யம் காட்டியது. சுலோச்சனா நம்பாமல் தலையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். இருவரும் மறுபடி நோயறியிடம் ஓடினார்கள்.

“இப்பதான் உறுதியாயிடுச்சே. சரியான பேரைப் போட்டுடுங்க.”

“முடியாதும்மா. தலைவலிக்கு நான் மருந்தே தரலையே. பதிவுப்படி உங்களுக்கு முழங்கால்தான் குணமாயிருக்கு.”

“இயந்திரம் பொய் சொல்லாதுன்னாங்களே!” என்றார் தணிகாசலம்.

“பொய்யா?” நோயறி உண்மையாகவே குழம்பியது. “பூமியில மனுஷ டாக்டருங்க எழுதி வச்ச பழைய குறிப்புகளைப் படிச்சுத்தான் நான் தொழில் கத்துக்கிட்டேன். மருந்துக்கு அனுமதி கிடைக்காத நோய்க்கு, அனுமதி கிடைக்கிற வேற நோயோட பேரை எழுதுவாங்க. நோயாளியும் குணமாகிப் போவாரு. அதையும் வைத்தியத்துல ஒரு முறைன்னுதானே நினைச்சேன்?”