டல்சி அழித்த புள்ளிகள்

லாப்ரடார் கரையோரத்து அந்த விரிகுடாவின் அடியில், நாற்பது மீட்டர் ஆழத்தில், துடைத்துவிட்ட மேசை மாதிரி வெறும் சேறுதான் பரந்திருக்கும். இன்று அளவைப் படகின் திரையில் அதன்மேல் ஆளுயரத்துக்கு நாலு புள்ளிகள் வரிசையாக எழுந்து நின்றது டல்சி ரம்போல்ட்டுக்குப் பிடிக்கவில்லை. படகின் பக்கவாட்டில் கம்பத்தில் கட்டி இறக்கிய, ஆழம் அளக்கும் எதிரொலிக் கருவி தண்ணீருக்குள் டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது. கதவிடுக்கு வழியே பனிமூட்டத்தின் ஈரமும் டீசல் நெடியும் ஸ்கிப்பர் கார்லண்டின் ஆறிப்போன தேநீர் வாசனையும் கலந்து வந்தன.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த விரிகுடாவை அளந்ததும் அவள்தான். அன்று ஓரிடத்தில் கூர்மையாக ஒன்று எழும்பி வந்தது. மீன் கூட்டத்தில் ஒலி பட்டால் அப்படித்தான் தெரியும். வட்டம் போட்டு அழித்துவிடுவார்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அவளும் அழித்தாள். அது பாறை. அவளுடைய வரைபடத்தை நம்பி வந்த நண்டுப் படகு அதில் மோதி மூழ்கியது. அதில் இருந்தது அண்ணன் வில்ஃப், கூட மூன்று பேர். உடல்கள் கிடைக்கவில்லை. அழித்தது அவள் என்று அண்ணி உட்பட யாருக்கும் தெரியாது. டல்சி அழக்கூட இல்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

இன்று மறு அளவை. விநோதமாக எது பதிவானாலும் பழைய கோப்பைத் தோண்டுவார்கள்.

"என்னம்மா, மீனா?" சுக்கானைப் பிடித்தபடி கேட்டார் கார்லண்ட்.

"மீன்தான் ஸ்கிப்பர்."

அழித்தாள்.

படகு திரும்பி அடுத்த அளவைக் கோட்டில் வந்தது. அதே நாலு. இப்போது முப்பது மீட்டரில், காலுக்குக் கீழே எதுவுமில்லாமல். அழித்தாள். அதற்கடுத்த கோட்டில் பதினெட்டு. அழித்தாள். பயம் வரவில்லை. விரல் மட்டும் விசையை அழுத்தியது, வேறு யாருடைய விரலோ போல.

"படகு ஏன் ஒரு பக்கமா இழுக்குது?"

"கம்பத்துல பாசி சிக்கியிருக்கும்."

"பாசியா? என் மாமியாரே தொங்குற கனம் இருக்கும்மா!"

ஒன்பது. அழித்தாள்.

நாலு மீட்டர். அழித்தாள்.

ஒன்று.

டிக் சத்தம் நின்றது.

கார்லண்ட் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

"ஸ்கிப்பர், போகாதீங்க. அது மீன் இல்ல." நாற்காலியை விட்டு எழுந்தாள். "அன்னைக்கும் மீன் இல்ல. நான்தான் அழிச்சேன்."

தண்ணீர் சொட்டும் சத்தம். சேற்று வாடை.

வாசலில் வந்து நின்றாள்.

கம்பத்தில் கைகள். ஒன்றின்மேல் ஒன்றாக, ஊறி வெளுத்த எட்டுக் கைகள். தண்ணீரில் எந்தக் கையைக் கண்டாலும் பிடித்துத் தூக்கியே பழகிய கார்லண்ட், மண்டியிட்டு, உச்சியிலிருந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முகமெல்லாம் கண்ணீர்.

"நம்ம வில்ஃப்தாம்மா! உசிரோட இருக்கான்! ஓடி வா, கை குடு!"

தலை விளிம்புக்கு மேல் வந்தது. கண்கள் இருந்த இடத்தில் சேறு. அந்தச் சேறு கார்லண்டைத் தாண்டி டல்சியையே பார்த்தது.