கண்ணைச் சுற்றி விரலளவு

வியாழன், காலை 7.10. பவித்ராவின் முகத்தைப் பார்த்து அவள் அப்பா நல்லுசாமி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நெற்றி, கன்னம், தாடை எங்கும் கொப்புளம். ஞாயிற்றுக்கிழமை பழனியில் கல்யாணம்!

9.40. திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி. சப்-இன்ஸ்பெக்டர் தேவதர்ஷினி வந்தபோது பவித்ரா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்களைச் சுற்றி மட்டும் விரலளவுக்குத் தோல் நன்றாக இருந்தது. நல்லுசாமி மூத்த மகள் அன்புக்கரசியைக் காட்டினார்.

"இவதாம்மா செஞ்சா. சன்ஸ்கிரீன் பாட்டில்ல இவ மருந்தெண்ணெய ஊத்தி வச்சிருக்கா. தங்கச்சிக்குக் கல்யாணம் முடியுதேன்னு வயித்தெரிச்சல்."

அன்புக்கரசிக்குக் கைகளில் வெண்புள்ளி. அதற்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கார்போகரிசி எண்ணெய் அது. பூசிக்கொண்டு வெயிலில் அதிக நேரம் இருந்தால் தோல் வெந்து இரண்டு நாளில் கொப்புளிக்கும் என்றார் டாக்டர். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"நீ ஊத்துனியா?"

"ஆமா மேடம். நான்தான்."

"எப்ப?"

அன்புக்கரசி தங்கையைப் பார்த்தாள். "செவ்வாக்கெழம... இல்ல, திங்கக்கெழம."

கிழமைகூடத் தெரியாமல் குற்றத்தை ஒத்துக்கொள்கிறவளை என்னதான் செய்வது!

11.15. சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. தேவதர்ஷினி பவித்ராவின் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினாள். உள்ளே மடிப்புக் கலையாத துப்பட்டா. பக்கத்து வீட்டு மூக்காயி தானாகவே வந்தாள்.

"எப்பவும் கண்ணு மட்டும் தெரியுற மாதிரி அதச் சுத்திக்கிட்டுத்தான் போகும். செவ்வாக்கெழம உச்சி வெயில்ல பத்திரிக வைக்கப் போனப்ப வெறும் மூஞ்சி. ஏத்தா, இம்புட்டு வெயில்லயான்னு கேட்டேன். காதுல வாங்கல."

12.30. மறுபடி ஆஸ்பத்திரி.

"செஞ்சது நீதான் பவித்ரா," என்றாள் தேவதர்ஷினி. "சன்ஸ்கிரீன்னு நெனச்சுப் பூசுறவ கண்ணு ஓரமும் சேத்துத்தான் பூசுவா. நீ அளந்து ஒரு விரல் விட்டிருக்க. வேகும்னு தெரிஞ்சவதான் கண்ணக் காப்பாத்துவா. துப்பட்டாவையும் வேணும்னே எடுக்கல. ஏன்?"

பவித்ரா அக்காவின் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க மொதல்ல அக்காவத்தான் பொண்ணு பாக்க வந்தாங்க. கையப் பாத்தாங்க. குடிச்ச காப்பி ஆறல, சின்னவளக் குடுங்கன்னாங்க. அப்பா தலையாட்டிட்டாரு. வேணாம் வேணாம்னு கத்துனேன், யாரு கேட்டா? என் தோலும் கெட்டா அவங்களே வேணாம்பாங்கல்ல. எண்ணெய் தப்பா பாட்டில் மாறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். பழி அக்கா மேல விழும்னு நெனைக்கல மேடம்."

நல்லுசாமியின் போன் அடித்தது. மாப்பிள்ளை பாண்டியராஜின் அம்மா. ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, நடந்தது நடந்துபோச்சு. பார்லர்ல மேக்கப் போட்டா ஒண்ணுந் தெரியாதுங்க. முகூர்த்தத்த மாத்த வேண்டாம்."

"உங்களுக்குப் பெரிய மனசுங்க," என்று கும்பிட்டார் நல்லுசாமி. போனைப் பார்த்துக் கும்பிடு! ஒரு மகளைப் போலீசில் பிடித்துக் கொடுக்கப் பார்த்தவர், இன்னொருத்தியிடம் இப்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்புக்கரசி அந்தப் போனைப் பிடுங்கினாள். "கல்யாணம் இல்லீங்க," என்று சொல்லி அணைத்தாள். நல்லுசாமி கையை ஓங்கினார். தேவதர்ஷினி நடுவில் வந்து நின்றாள்.

பவித்ரா அப்போதுதான் அழுதாள். கண்ணீர் கொப்புளங்களில் பட்டு எரிந்தது. துடைக்கவும் முடியவில்லை.