உட்பக்கத்துக் குழி

இரும்புக் கதவில் புதிதாய் ஒரு குழி. மிளகளவு, வட்டமாய், உட்பக்கத்தில். கனகசபாபதிக்கு உச்சி கொதித்தது. கொட்டாஞ்சேனைப் பட்டறையில் தானே நின்று செய்வித்து, ஆமி வந்து இடித்தாலும் அசையாது என்று மனைவி சரோஜினிதேவியிடம் அடித்துச் சொல்லி, வெள்ளவத்தை பிளாட்டுக்கு ஆள் பிடித்து ஏற்றிய கதவு. "கனடாவுக்கு மகனிட்டப் போவம்" என்று அவள் எடுக்கிற கதைக்கெல்லாம் அவர் வைத்த பதில் அது.

"சரோ! என்ரை சாமானை எடுத்துத் தட்டினீரோ?"

"எனக்கென்ன விசரே? நான் படுத்திருக்கிறன்" என்றாள் அவள் அறைக்குள்ளிருந்து.

சாமான் என்றது இரும்பின் கடினம் பார்க்கும் கைக்கருவி. உள்ளே ஓர் உருக்குக் குண்டு; அதற்கு ஒரு பக்கம் அளவுச்சட்டம் என்ற உருக்குக் கட்டை, மறுபக்கம் சோதிக்கும் பொருள். தலையில் சுத்தியலால் ஒரு போடு போட்டால் இரண்டிலும் குழி விழும். பொருள் மெத்தென்று இருந்தால் அதில் பெரிய குழி, சட்டத்தில் சின்னக் குழி. வாடிக்கையாளரின் கண் முன்னால் அடித்துக் காட்டியே கதவு விற்கிற மனிதர் அவர். ஊரடங்கென்று கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

டங்.

மத்தியானம். காலி வீதியில் பஸ் இல்லை, கடலோரம் ரயில் இல்லை, யன்னலால் வந்த உப்புக் காற்றில் பட்டறை எண்ணெய் மணத்தது. கருவி மேசையில் சும்மா கிடந்தது. சட்டத்தை உருவிப் பார்த்தார். நேற்றுப் போட்ட புதுச் சட்டம், இன்னும் ஒரு அடியும் அடிக்காதது. இரண்டு குழிகள், இரண்டாவது சின்னது. தேடினார். பித்தளைத் தாழ்ப்பாளில் இருந்தது அதன் சோடி.

"எவனடா அது? வாங்காதவன் சாமானைத் தட்டிப் பார்க்கப்படாது! வெளியில வாடா!"

டங். குசினியில். அலுமினியச் சட்டியில் ஆழக் குழி. சட்டத்தில் இன்னும் சின்னது.

கதவிலிருந்து உள்ளே வருகிறது. மெத்தென்றதைத் தேடி.

கருவியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். கோபத்தில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கோபம்தான். வேறொன்றுமில்லை.

தொப்.

அறைக்குள்.

சட்டத்தில் நாலாவது குழி. ஊசி முனையளவு.

"சரோ!"

ஓடினார். கட்டிலில் அவள் எழுந்து சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஏனப்பா கத்துறீங்கள்? கதவு பூட்டித்தானே இருக்கு?"

திரும்பினாள். நெற்றி நடுவில் வட்டக் குழி. இரத்தமில்லை. வழவழவென்று, ஆழமாய்.

அதற்குப் பக்கத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கவே, இரண்டாவது குழி மெல்ல இறங்கியது.