புகை வராத அடுப்பு

சுவர் சூடாக இருந்தது.

நான்கு நாளாக விடாத மழை. ஆம்பூரே ஊறிப்போய்க் கிடக்கிறது. உடுத்தின வேட்டி காயவில்லை, உப்பு ஜாடிக்குள் உப்பு கரைகிறது. இந்த லட்சணத்தில், பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டின் சுவர் மட்டும், சோறு வடித்த பானையைத் தொட்டது போல இதமாகச் சுட்டது. கோதண்டராமன் கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தார். சூடுதான். அந்த வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஜெர்மன் சண்டை முடிந்து டேனரிகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஆலங்காயத்துக் காட்டுப் பக்கமிருந்து தோல் பதனிட ஆவாரம் பட்டையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து போடுவது கோதண்டராமனின் வியாபாரம். தன் வீட்டுக்குப் பின்னால் ஒரே வரிசையாக ஐந்து வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஐந்துக்கும் சேர்த்து மேலே ஒரே பரண். கீழே குடித்தனம், மேலே பட்டை மூட்டை. மனுஷன் நனைந்தால் துடைத்துக்கொள்வான், பட்டை நனைந்தால் எதற்கும் உதவாது என்று நினைக்கிற புண்ணியவான் அவர். அதனால் கூரையில் ஒரு ஓடு நகர்ந்தால் அன்றே ஆள் ஏறிவிடும். கூரைக்குக் கீழே எது உடைந்தாலும் மழை நிற்க வேண்டும், வெயில் வர வேண்டும், நல்ல நாள் பார்க்க வேண்டும்.

இப்போது அவருடைய சொந்த வீட்டில் சமையலறைச் சுவர் இடிந்து விழுந்துவிட்டது. மிச்ச அறைகளில் தரையே வியர்த்தது. அந்த ஈரத்தில்தான் அவருடைய ஒரே மகள் அமிர்தவள்ளி, எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பெற்று மூன்றாம் நாளாகப் படுத்திருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

“கை காலெல்லாம் சில்லுனு கெடக்குது,” என்றாள் மருத்துவச்சி கோவிந்தம்மாள். “இந்த ஈரத்துல வச்சா ரெண்டு நாள் தாங்காது. காஞ்ச எடமா பாத்து, கணப்பு போட்டு, கதவ மூடி வைக்கணும். இன்னிக்கே.”

“நடு வீடு சும்மாதானே பூட்டிக் கெடக்குது,” என்றாள் அவர் மனைவி மீனாம்பாள்.

 சாவியை எடுத்துக்கொண்டு அவர் இங்கே வந்து நின்றது அதனால்தான்.

பூட்டைத் திறந்தார். இரண்டு வருஷம் அடைத்துக் கிடந்த வீட்டில் பூஞ்சை நாறும், எலிப் புழுக்கை நாறும், வௌவால் நாறும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனார். அப்படி எதுவும் இல்லை. சுட்ட வசம்பு வாசனை. சாம்பிராணி. அதற்கு அடியில் லேசாகப் புளித்த தாய்ப்பால் வாடை. கைக்குழந்தை இருக்கிற வீட்டின் வாசனை.

ஜன்னல் இல்லாத ஒரே அறை. மூலையில் அடுப்பு மேடை. அதற்கு நேர் மேலே, பரணின் பலகையில், புகைக்கூண்டின் வட்டமான ஓட்டை கறுப்பாக இருந்தது. வெளிச்சத்தின் ஒரு பொட்டுக்கூட அதில் தெரியவில்லை. தெரியாது. அவர்தானே அடைத்தவர்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி. இதே மழை. இந்த வீட்டில் குடியிருந்த சாமுவேல், டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலைக்காரன், அவரைத் தேடி வந்து நின்றான். சுண்ணாம்பில் ஊறி வெளுத்த கைகளை மார்போடு கட்டிக்கொண்டிருந்தான்.

“ஐயா, புகைக்கூண்டு அடைச்சிக்கினு இருக்குது. கொழந்த பொறந்து ஆறு நாளு. அடுப்பு மூட்டுனா கண்ணு தெரியல, மூட்டாட்டி குளுரு தாங்கல. வூட்டுக்காரரு நீங்கதான் பாத்துக் குடுக்கணும். இன்னிக்கே செஞ்சா தேவல.”

“மழ நிக்கட்டும்.”

“ஏணி மட்டும் குடுங்க. நானே ஏறி எடுத்துக்கறேன்.”

“பரண் பூரா பட்ட அடுக்கி இருக்குது. ஒரு பொறி பட்டா இன்னா ஆவும்? புகை வராத அடுப்பா வச்சிக்கோ. கரி போடு, போ.”

பொறிக்குப் பயந்து புரட்டாசியிலேயே சாக்கைத் திணித்து, மேலே களிமண் பூசி அந்த ஓட்டையை மூடியவர் அவர்தான் என்பதைச் சொல்லவில்லை. மறுநாளும் சாமுவேல் வந்தான், மழையைக் காட்டி அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் வந்தபோது ஒன்றுதான் சொன்னான். “தலைய வலிக்குதுன்றா ஐயா.”

“புள்ள பெத்தவளுக்கு ஆயிரம் வலி இருக்கும். பேஜார் பண்ணாத.”

அன்று இரவு சாமுவேல் வேலைக்குப் போனான். பச்சை உடம்பில் வாடைக்காற்று படக்கூடாதென்று அவன் மனைவி சவுரியம்மாள் கதவைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் பழந்துணியைத் திணித்துக்கொண்டு, கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையோடு படுத்தாள். காலையில் கதவை உடைத்தார்கள். வெளியேற வழியில்லாத கரியின் விஷக் காற்றில், இரண்டு பேரும் கன்னம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவர்கள் போல இருந்தார்கள். மாடத்து விளக்கு, எண்ணெய் பாதி இருக்கும்போதே அணைந்திருந்தது. சாமுவேல் அழவில்லை. தலையைத் தூக்கி அந்த ஓட்டையைப் பார்த்தான். பிறகு கோதண்டராமனைப் பார்த்தான்.

தெரு கூடிக் கேட்டது. கற்பூரம் கொளுத்திக் கையால் அடித்து அணைத்து, புகைக்கூண்டு திறந்துதான் இருக்கிறது என்று சத்தியம் செய்தார் கோதண்டராமன். பரணில் ஏறிப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. சாமுவேல் இரண்டு பேரையும் ஒரே குழியில் அடக்கம் செய்துவிட்டுக் கோலார் பக்கம் போய்விட்டான். அப்புறம் அந்த வீட்டுக்குக் குடித்தனம் வரவில்லை.

“அட, வெதுவெதுன்னு இருக்குதே,” என்று வாசலில் மீனாம்பாளின் குரல் கேட்டது. பிள்ளையைப் புடவைக்குள் அணைத்துக்கொண்டு அவளும், அமிர்தவள்ளியைத் தாங்கிக்கொண்டு கோவிந்தம்மாளும் உள்ளே வந்தார்கள். “அம்மனே காப்பாத்துறா.”

“கதவைத் திறந்தே வச்சிக்கலாமே,” என்றார் கோதண்டராமன். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

கோவிந்தம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் மரியாதை கம்மி. “பச்ச ஒடம்பு மேல வாடக் காத்து படலாமா? ஆம்பள நீங்க வெளியே போங்க. கரி மட்டும் அனுப்புங்க. பரண்ல பட்ட இருக்குதே, வெறவு வேணாம்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஓட்டை அடைத்திருக்கிறது, நான்தான் அடைத்தேன் என்று இரண்டு வார்த்தை. ஆனால் கற்பூரத்தின் மேல் அடித்த கை அது. மீனாம்பாள் அன்று பக்கத்தில் நின்றிருந்தாள். யாருக்கும் தெரியாமல் மேலே ஏறி அடைப்பை எடுத்துவிட்டால் போயிற்று, ஒரு நாழிகைக்குள் வேலை முடிந்துவிடும், பிள்ளையும் பிழைக்கும், மானமும் பிழைக்கும் என்று நினைத்துக்கொண்டார். வெட்கங்கெட்ட மனுஷன், அந்த நேரத்திலும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தான்.

கரி வந்தது. ஜன்னல் இல்லாத அறைக்கு மாடத்து விளக்கை ஏற்றினார்கள். கதவு சாத்தப்பட்டது. இடுக்கில் துணி திணிக்கிற சத்தம் அவர் காதில் விழுந்தது.

சுவர் கோடியில் ஏணியைச் சாய்த்து, கையில் கடப்பாரையோடு, நனைந்துகொண்டே பரணுக்குள் புகுந்தார். இன்னும் விளக்கு வைக்கும் நேரம் ஆகவில்லை, ஆனாலும் மழை இருட்டில் உள்ளே மூட்டைகளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆவாரம் பட்டையின் துவர்ப்பு நெடி தொண்டையை இழுத்தது. ஓட்டின் மேல் மழை ஓயாமல் அரிசி புடைத்தது. ஒவ்வொரு மூட்டையாக நகர்த்தி, முட்டி தேயத் தவழ்ந்து, நடு வீட்டுக்கு மேலே வந்து சேர்ந்தார். கீழே கோவிந்தம்மாள் பேசிக்கொண்டே பிள்ளைக்கு நெற்றியில் மை வைப்பதும், மீனாம்பாள் கஷாயம் வைக்கக் கிளம்புவதும், தன் வீட்டில் விளக்கு வைத்துவிட்டு வருகிறேன் என்று கோவிந்தம்மாளும் வெளியேறுவதும் தெளிவாகக் கேட்டன. கதவு சாத்தப்பட்டது. மறுபடி துணி திணிக்கிற சத்தம். ரொம்பப் பொறுமையாக.

உள்ளே அமிர்தவள்ளி மட்டும்தான் இருந்தாள். அவளால் எழுந்து நிற்கக்கூட முடியாதே.

அவர் களிமண்ணைத் தொட்டார். இரண்டு வருஷத்துக் களிமண் கல்லாக இறுகியிருக்க வேண்டும். அது ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். யாரோ அப்போதுதான் பூசி மெழுகிய தடம், ஐந்து விரலும் பதிந்து கிடந்தது. மெல்லிய விரல்கள். அவருடையவை அல்ல.

கடப்பாரையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாரினார். ஒரு பிடி வாரி எறிந்தார். குழியில் மறுபடி மண். இன்னொரு பிடி. மறுபடி மண். கீழேயிருந்து, ஓட்டையின் மறுபக்கத்திலிருந்து, ஈர மண்ணைத் தட்டித் தட்டி அமுக்குகிற சத்தம். பத். பத். பத்.

“யாரு மேல?”

அமிர்தவள்ளியின் குரல். தூக்கக் கலக்கத்தில் இழுத்துப் பேசினாள்.

கோதண்டராமன் வாயைத் திறந்தார். நான்தான், கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடு என்று சொல்ல வேண்டும். அடுத்த வீடுகளில் ஆள் இருக்கிறது. சொன்னால் எல்லோருக்கும் கேட்கும். பரணில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்பார்கள்.

இன்னும் கொஞ்சம் வாரிவிடலாம். இன்னும் ஒரு பிடி.

“தலைய வலிக்குது,” என்றாள் அமிர்தவள்ளி. யாரிடமோ சொல்வது போல.

யாரோ அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். மெல்லிய தாலாட்டு. சொல் புரியவில்லை.

நகம் பெயர்ந்தது. வாரினார். மண். மண். மண்.

“வள்ளி,” என்று அப்போதுதான் கத்தினார். “வள்ளி, வெளியே வாம்மா. ஓட்ட அடைச்சிருக்குது. நான்தான் அடைச்சேன். வெளியே வா.”

இரண்டு வருஷம் கழித்து வந்த உண்மை.  தாலாட்டு நின்றிருந்தது. மழை மட்டும்.

எப்படி இறங்கினார் என்று தெரியாது. ஏணியின் பாதியிலிருந்து விழுந்தார். எழுந்து ஓடினார். வாசலில் கஷாயச் செம்போடு மீனாம்பாள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க இது, ஒடம்பெல்லாம் மண்ணு? கத்தாதீங்க. இப்பதான் கதவத் தொறந்து பாத்தேன், ரெண்டும் அசந்து தூங்குது.” அவள் முகத்தில் நான்கு நாளாக இல்லாத சிரிப்பு. “மூஞ்சி நல்லா செவந்து, ரோசாப்பூ மாதிரி இருக்குது. நம்ம கொழந்த தேறிடுச்சு.”

அவர் அவளைத் தள்ளிக்கொண்டு கதவை உதைத்தார். உள்ளே பாய்ந்தார்.

மாடத்து விளக்கு அணைந்திருந்தது. அதில் பாதி எண்ணெய் மினுங்கியது. அடுப்பின் கனல் வெளிச்சத்தில் பாயில் கிடந்தவர்கள் தெரிந்தார்கள். அமிர்தவள்ளி. அவள் கைக்குள் பிள்ளை. இரண்டு பேருக்கும் கன்னம் சிவந்திருந்தது. மூடிய இமை அசையவில்லை.

அடுப்பின் பக்கத்தில் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பனை விசிறியால் கனலை விசிறிக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு பிள்ளை. அதற்கும் கன்னம் சிவப்பு. அவளுடைய இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை ஈரக் களிமண். வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மரியாதையாக எழுந்து நின்றாள்.

“புகையே இல்லீங்க, ஐயா,” என்றாள் சவுரியம்மாள்.

அவருக்குக் கால் வரவில்லை. தலை கனத்தது. அவள் அவரைக் கடந்து போனாள். பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. இடுக்கில் துணி திணிக்கிற சத்தம். ரொம்பப் பொறுமையாக.

வெளியே மீனாம்பாளின் காலடி வாசல் வரை வந்து நின்றது. அவர் கத்தினார். கத்தியதாகத்தான் நினைத்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்த்ததும் மனுஷன் அடங்கிவிட்டார் என்று நினைத்தோ என்னவோ, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக்கூடாதே என்று, அந்தக் காலடி சத்தமில்லாமல் திரும்பிப் போனது.

கோதண்டராமனின் கன்னம் மெல்லச் சூடேறியது.