யாரும் குடிக்காத டம்ளர்

மர்சலின் மிஸ் இரண்டு விடைத்தாள்களை மேசையில் அடுத்தடுத்து வைத்தார்.

“அஃப்ரா, மதுவந்தி. எழுந்திருங்க.”

ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரும் எழுந்தார்கள்.

தமிழ்த் தேர்வில் ஒரு பத்தி வந்திருந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் தனியாக வசிக்கும் ஆண்ட்ரூ யாருடனும் பேசமாட்டார். கதவருகே தொங்கும் குடையைத் தொட்டால் பிள்ளைகளைத் திட்டுவார். ‘ஆண்ட்ரூ எப்படிப்பட்டவர்? பத்தியிலிருந்து சான்று காட்டிக் கட்டுரை எழுதுக.’ இதுதான் கேள்வி.

“முப்பத்தாறு பேர் அவரைக் கோபக்காரர்னு எழுதியிருக்காங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும், ‘யாருக்காகவோ காத்திருப்பவர்’னு முடிச்சிருக்கீங்க. முன்னுரையும் ஒண்ணு, முடிவுரையும் ஒண்ணு. யார் யாரைப் பார்த்து எழுதினது?”

மிஸ் தாள்களை அவரவரிடம் நீட்டினார்.

“கடைசி மணி அடிக்கறதுக்குள்ள சொல்லணும். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் பூஜ்யம்.”

பின் பெஞ்சில் ஜாஸ்பர் முணுமுணுத்தான். “செம கேஸ், மச்சி.”

அஃப்ராவுக்குச் சந்தேகமே இல்லை. மதுவந்தி ஜூன் மாதம்தான் இந்தப் பள்ளிக்கு வந்தவள். வகுப்பில் ஒருநாளும் கை தூக்கியதில்லை. தேர்வன்று அஃப்ராவின் பக்கம் மூன்று முறை திரும்பினாள்.

மதிய உணவு நேரத்தில் அஃப்ரா தன் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

“நீதானேடி பார்த்தே?”

“இல்ல.”

“மூணு தடவை திரும்பினே. நான் எண்ணினேன்.”

“கடிகாரத்தைப் பார்த்தேன். அது உன் பக்கத்துச் சுவத்துலதானே கீது?”

அஃப்ரா நிமிர்ந்து பார்த்தாள். “அது ஓடவே ஓடாதே!”

“அதனாலதான் மூணு தடவை பார்த்தேன்.”

மதுவந்தி பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். அவள் விடைத்தாள் பெஞ்சிலேயே கிடந்தது.

அஃப்ரா அதை இழுத்தாள். தான் எழுதிய வரிகளைக் கண்டுபிடித்து மிஸ்ஸிடம் காட்டிவிட்டால் போதும்.

முன்னுரை அதேதான். ஆனால் அது மிஸ் எழுதிப்போட்டு எல்லோரும் மனப்பாடம் செய்தது. அதைத் தாண்டிப் படித்தாள்.

பத்தியின்படி, கொட்டும் மழையில் நனைந்து போனாலும் ஆண்ட்ரூ அந்தக் குடையை எடுக்கவில்லை. அதனால் அது வேறு யாருடையதோ. அஃப்ரா காட்டிய சான்று இதுதான். மதுவந்தியின் தாளில் குடையே இல்லை.

‘நாலு மணிக்கு ஆண்ட்ரூ இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிறார். ஒன்றில் மட்டும் டீ குடிக்கிறார். பிறகு இரண்டையும் கழுவிக் கவிழ்க்கிறார். யாரும் குடிக்காத டம்ளரைக் கோபக்காரர் ஏன் கழுவ வேண்டும்?’

அஃப்ரா கேள்வித்தாளைத் தேடி எடுத்தாள். நான்காவது வரியில் அந்த டம்ளர்கள் இருந்தன. தேர்வில் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்திருந்தாள். அவை கண்ணில் படவே இல்லை.

மதுவந்தி திரும்பி வந்தாள்.

“வா, மிஸ்கிட்ட போலாம்,” என்று அஃப்ரா இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டாள்.

“நான்தான் பார்க்கலன்னு சொன்னேனே!”

“தெரியும். அதைச் சொல்லத்தான் போறோம்.”

ஆசிரியர் அறையில் மிஸ் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார்.

“மிஸ், நடுவுல படிச்சீங்களா?”

“என்ன கேள்வி இது?”

“முன்னுரை நீங்க குடுத்தது, மிஸ். எல்லாருக்கும் அதேதான். நடுவுல நான் குடையைப் பத்தி எழுதினேன். இவ டம்ளரைப் பத்தி எழுதியிருக்கா. என்னைப் பார்த்திருந்தா குடை வந்திருக்குமே!”

மிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தாள்களையும் படித்தார். மதுவந்தியின் நான்கு வரியைப் படிக்க நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

“முப்பத்தெட்டு பேரும் ஒரே முன்னுரை. அலுத்துப்போய் நேரா முடிவுரைக்குப் போயிட்டேன். தப்பு என்னோடதுதான்,” என்றார். “மதுவந்தி, அந்த டம்ளரை நானே கவனிக்கலம்மா.”

சிவப்புப் பேனாவைத் திறந்தார். அஃப்ராவுக்கு எட்டு. மதுவந்திக்கு ஒன்பது.

கடைசி வகுப்பில் அஃப்ரா மெல்லச் சாய்ந்து, மதுவந்தியின் தாளில் அந்தப் பகுதியை மறுபடி படித்தாள்.

“மிஸ்! அஃப்ரா பார்க்குறா!” என்று கத்தினான் ஜாஸ்பர்.

மிஸ் நிமிரவில்லை.

“நல்லா பார்க்கட்டும்,” என்றார்.